இருபத்து நான்கு மணி நேரத்துக்கு நான்கு மதிப்பெண்

வயிற்று வலி தானாகக் குறைந்தால் யாரும் பயப்படுவதில்லை. 'விட்டுடுச்சு' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். பெரும்பாலான வலிகளுக்கு அது சரியும்கூட. குடல் புண் முற்றி ஓட்டை விழுந்தவருக்கு மட்டும் அந்த ஆறுதலைப் போல ஆபத்தானது வேறில்லை.

ஆரணியில் குழித்தறியில் பட்டுச் சேலை நெய்யும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது 52. கால்களைக் குழிக்குள் விட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, முன்னால் குனிந்தபடியே நாள் முழுக்க வேலை. முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் சேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய கெடுவும் நெருங்கிவிடும். முதுகு வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும். மெடிக்கல் ஷாப்பில் 'ஒரு செட் மாத்திரை கொடுங்க' என்று கேட்டால் கிடைத்துவிடும். ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, சில கடைகளில் கூடவே ஒரு ஸ்டீராய்டு. வெறும் டீயோடு அதை விழுங்கிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிடுவார். இப்படியே மாதங்கள் போகும்.

ஒருநாள் மாலை மேல்வயிற்றில் கத்தி இறங்குவது போன்ற வலி. வியர்த்துக் கொட்டுகிறது. அசைந்தால் உயிர் போகிறது. அதனால் அசையாமல் கிடக்கிறார். சிறுநீரகக் கல் வலிக்காரர் ஓரிடத்தில் இருக்கமாட்டார், புரண்டு புரண்டு படுப்பார். குடலில் ஓட்டை விழுந்தவரோ மூச்சைக்கூட மேலாகத்தான் விடுவார். வயிற்றைத் தொட்டால் பலகை போல இறுகியிருக்கும். சிலருக்குத் தோள்பட்டை நுனியிலும் வலிக்கும். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால், வயிற்றுக்குள் எழும் எரிச்சலை மூளை தோளில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. தறிக்காரருக்குத் தோள் வலி புதிதா என்ன? அதை அவர் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்.

சில மணி நேரம் கழிகிறது. வலி குறைகிறது. முகம் தெளிகிறது. 'இப்ப பரவால்ல, காலைல பாத்துக்கலாம்' என்கிறார். வீட்டாருக்கும் நிம்மதி.

அந்த இரவில் உள்ளே நடப்பது வேறு. வயிற்றறையின் உட்சுவரையும் குடல்களையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். விரித்துப் பார்த்தால் ஏறக்குறைய நம் உடம்புத் தோலின் பரப்பளவு வரும். ஆரோக்கியமான வயிற்றில் குடல்கள் உரசாமல் வழுக்கிச் செல்லும் அளவுக்குக் கொஞ்சம் திரவம்தான் அதில் இருக்கும். முன்சிறுகுடலில் ஓட்டை விழுந்ததும் இரைப்பையின் அமிலம் நேராக இந்தச் சவ்வின் மேல் கொட்டுகிறது. முதலில் வந்த வலி அமிலம் சுட்ட வலி. சுடப்பட்ட சவ்வு நீரைச் சுரக்கிறது. அந்த நீர் அமிலத்தைக் கரைத்து வீரியம் குறைக்கிறது, வலியும் குறைகிறது. உடம்பு குணமாகவில்லை, அமிலம் நீர்த்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் சாக்கரி கோப் 1921-இல் வெளியிட்ட, திடீர் வயிற்று நோய்களைப் பற்றிய தன் நூலில் இந்த இடைவேளையைக் குறித்து மருத்துவர்களை எச்சரித்தார். நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த எச்சரிக்கை பழசாகவில்லை.

இடைவேளைக்குப் பிறகு கிருமிகளின் நேரம். வாயிலிருந்தும் குடலிலிருந்தும் வந்த நுண்ணுயிரிகள் அந்த நீரில் பெருகத் தொடங்குகின்றன. குடலில் சாதாரணமாக வாழும் ஈ. கோலை, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. உதரவிதானத்தின் அடிப்பரப்பில் நுண்ணிய துளைகள் உண்டு. 1863-இல் ஜெர்மானியரான ஃபான் ரெக்லிங்ஹவுசன் அவற்றைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு மூச்சிலும் உதரவிதானம் ஏறி இறங்கும்போது வயிற்று நீர் இந்தத் துளைகள் வழியே நிணநீர்க் குழாய்களுக்கும், அங்கிருந்து இரத்தத்துக்கும் போகிறது. கிருமி கொஞ்சமாக இருந்தால் இதுவே பாதுகாப்பு. நிணநீர் முடிச்சுகள் அவற்றைப் பிடித்து அழித்துவிடும். கிருமி வெள்ளமாகிவிட்டால் அதே பாதை இரத்தத்துக்குள் விஷத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இன்னொரு பக்கம் இரத்தத்தின் நீர்ப்பகுதி லிட்டர் கணக்கில் வயிற்றுக்குள் கசிந்து தேங்குகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது, நாடி எகிறுகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது, சிறுநீர் சுருங்குகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றவரைக் காலையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

இனிமேல்தான் கணக்கு வருகிறது. இவர் பிழைப்பாரா? அறுவை அரங்கின் வாசலில் நிற்கும் எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி இது. மருத்துவர்கள் இதற்கு எண்ணில் பதில் சொல்ல முயன்ற கதை ஏறக்குறைய கடந்த 40 ஆண்டுகளில் நடந்தது.

1980-களில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் லிண்டர், வாஹா ஆகிய மருத்துவர்கள், பெரிட்டோனியம் அழற்சியோடு வந்த 1,253 நோயாளிகளின் பழைய பதிவுகளை எடுத்து, பிழைத்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இடையே எந்தெந்த அம்சங்கள் வித்தியாசப்பட்டன என்று சலித்தார்கள். எட்டு வரிகள் தேறின. வயது ஐம்பதுக்கு மேல் என்றால் 5 மதிப்பெண். பெண் என்றால் 5. உறுப்புச் செயலிழப்பு இருந்தால் 7. புற்றுநோய் இருந்தால் 4. அழற்சி தொடங்கி அறுவைக்கு முன்பே 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் 4. ஓட்டை பெருங்குடலில் இல்லாவிட்டால் 4. அழற்சி வயிறு முழுக்கப் பரவியிருந்தால் 6. கடைசி வரி, வயிற்றைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும் திரவத்தைப் பற்றியது: தெளிவாக இருந்தால் 0, கலங்கலாகவோ சீழாகவோ இருந்தால் 6, மலம் கலந்திருந்தால் 12. மொத்தம் 47. இங்கே மதிப்பெண் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

1994-இல் பில்லிங்கும் அவருடைய சகாக்களும் ஐரோப்பாவின் மூன்று நாடுகளில் ஏழு மையங்களில் 2,003 நோயாளிகளிடம் இந்தக் கணக்கைச் சோதித்தார்கள். 21-க்குக் கீழே இருந்தவர்களில் இறந்தவர்கள் 2.3 சதவீதம். 21 முதல் 29 வரை 22.5 சதவீதம். 29-க்கு மேலே 59.1 சதவீதம்.

இந்தக் கணக்கை நம் நெசவாளருக்குப் போட்டுப் பார்க்கலாம். வலி தொடங்கிய அன்றிரவே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 5, பெருங்குடல் அல்ல என்பதற்கு 4, வயிறு முழுக்கப் பரவியதற்கு 6. திரவம் இன்னும் தெளிவாக இருக்கிறது. மொத்தம் 15. இப்போது அதே மனிதர், அதே ஓட்டை, மறுநாள் நள்ளிரவில் வருகிறார். 24 மணி நேரம் தாண்டியதற்கு 4 கூடுகிறது. திரவம் சீழாகிவிட்டது, 6. சிறுநீரகம் படுத்துவிட்டது, 7. மொத்தம் 32. முதல் வரிசையில் நூற்றுக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ இறந்த இடத்தில் இருந்தவர், பாதிக்கு மேல் இறந்த வரிசைக்கு வந்துவிட்டார்.

அட்டவணையை மேலோட்டமாகப் படித்தால் தாமதம் சின்ன வரியாகத் தெரியும். உறுப்புச் செயலிழப்புக்கு 7, மலத்துக்கு 12. தாமதத்துக்கு வெறும் 4. ஆனால் தாமதம் தனியாக வருவதில்லை. தெளிந்த நீரைச் சீழாக்குவதும், சிறுநீரகத்தை வீழ்த்துவதும் அதுதான். காகிதத்தில் 4, நம் நெசவாளரின் உடம்பில் 17. வயதையும் ஆண் பெண் என்பதையும் யாராலும் மாற்ற முடியாது. புற்றுநோயை அந்த இரவில் மாற்ற முடியாது. எட்டு வரிகளில் நோயாளியின் வீட்டாருடைய கையில் இருப்பது இந்த ஒரே வரிதான். இந்தக் கணக்குகளிலிருந்து மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டென்றால் இதுவே என்று நினைக்கிறேன்.

இதே செய்தியை இன்னும் சுருக்கமாகச் சொன்ன கணக்கு ஹாங்காங்கில் பிறந்தது. 1987-இல் போயி என்பவரும் மூன்று சகாக்களும், முன்சிறுகுடல் புண் ஓட்டையான 259 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் சகாக்களில் ஒருவரின் பெயர் அழகரத்தினம். அவர்கள் கேட்டவை மூன்றே கேள்விகள். வேறு பெரிய நோய் இருக்கிறதா? அறுவைக்கு முன்பே இரத்த அழுத்தம் சரிந்துவிட்டதா? ஓட்டை விழுந்து 24 மணி நேரம் தாண்டிவிட்டதா? மூன்றும் இல்லாதவர்களில் யாரும் இறக்கவில்லை. ஒன்று இருந்தவர்களில் 10 சதவீதம், இரண்டு இருந்தவர்களில் 45.5 சதவீதம் இறந்தார்கள். மூன்றும் இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. டென்மார்க்கில் 2,668 நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2013-இல் வெளியான ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது: மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு அறுவை தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு, முந்தைய மணியோடு ஒப்பிட்டால், சுமார் 2.4 சதவீதம் குறைகிறது. ஆக, கடிகாரம் வீட்டாரை மட்டும் பார்த்து ஓடுவதில்லை. ஸ்கேனுக்கும் கையெழுத்துக்கும் அரங்கு காலியாவதற்கும் காத்திருக்கும் மருத்துவமனையையும் பார்த்துத்தான் ஓடுகிறது.

ஐரோப்பாவில் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமா? முழுதாகப் பொருந்தாது. மேலை நாடுகளில் பெருங்குடல் ஓட்டைதான் அதிகம். நம் நாட்டில் முன்சிறுகுடல் புண், டைபாய்டு, காசநோய் என்று மேல்குடலும் சிறுகுடலுமே பெரும்பாலும் ஓட்டையாகின்றன. மான்ஹைம் கணக்கில் 'பெருங்குடல் அல்ல' என்பதற்கு 4 மதிப்பெண் என்று பார்த்தோம். இங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த 4 கிடைத்துவிடுவதால், ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்துக் காட்டும் வேலையை அந்த வரி செய்வதில்லை. பெண் என்றால் 5 என்பதும் பின்னர் வந்த பல ஆய்வுகளில் நிற்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1985 முதல் பயன்படும் அப்பாச்சி-2 கணக்கு துல்லியமானது. ஆனால் அதற்குத் தமனி இரத்தப் பரிசோதனை உட்பட 12 உடலியல் அளவுகள் வேண்டும். தாலுகா மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு அதற்கு எங்கே போவது? இந்தச் சிக்கலை மனதில் வைத்துத்தான் 2003-இல் ஜபல்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைக் கொண்டு ஒரு கணக்கை உருவாக்கினார்கள். வயது, வேறு நோய்கள், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், கிரியேட்டினின், ஓட்டை விழுந்ததற்கும் அறுவைக்கும் இடைப்பட்ட நேரம். ஒரு கடிகாரம், ஒரு பி.பி. கருவி, ஒரு இரத்தப் பரிசோதனை போதும். நம் ஊர் நோயைப் பற்றி நம் ஊர்த் தரவுகளே பேச வேண்டும் என்று அவர்கள் நினைத்தது பெரிய காரியம்.

நம் ஊர் நோய் என்று சும்மா சொல்லவில்லை. முன்சிறுகுடல் புண்ணுக்கும் தென்னிந்தியாவுக்கும் உள்ள உறவு நீண்டது, இன்னும் முழுதாக அவிழாத முடிச்சும்கூட. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுக்களில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர் கத்தியின் கீழ் வந்தவர்களில் குடல் புண்காரர்கள் ஏராளம். பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் அறுவை மருத்துவம் கற்பித்தார். அவருக்குப் பின் மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி, நாடெங்கும் விசாரித்துத் தொகுத்ததில் ஒரு வரைபடம் தெரிந்தது: அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் இந்தப் புண் அதிகம், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு. பட்டுக்குச் சமமாக அரிசி ஆலைகளுக்கும் பேர்போன ஆரணி அந்த வரைபடத்தின் அடர்ந்த பக்கத்தில் இருக்கிறது.

1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் அந்தக் கிருமி இந்தியாவில் வடக்கு தெற்கு பாராமல் பரவியிருக்கிறது. அப்படியானால் புண் மட்டும் ஏன் தெற்கில் அதிகம்? தீட்டிய அரிசியில் எதுவோ இல்லாமல் போகிறது என்று டோவி வாதிட்டார். முடிவான விடை இன்னும் இல்லை. வலி மாத்திரையின் குற்றமோ தெளிவாக நிரூபணமானது. இரைப்பையின் சளிப் போர்வையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளையே ஆஸ்பிரின் வகை மருந்துகள் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரூஃபனும் அதே வகைதான். கூடவே ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரட்டைக் கேடு. புண்ணை வளர்ப்பதோடு, ஓட்டை விழுந்த பிறகு வரவேண்டிய காய்ச்சலையும் வயிற்று இறுக்கத்தையும் மங்கச் செய்துவிடும்.

டைபாய்டு வேறு வழியில் வருகிறது. காய்ச்சலின் மூன்றாவது வாரம் வாக்கில் சிறுகுடலின் கடைசிப் பகுதி ஓட்டையாகும். 2017 முதல் 2020 வரை வேலூர் உட்பட நான்கு இடங்களில் சுமார் 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த தேசிய ஆய்வு, டைபாய்டு இன்னும் நம் நகரங்களை விட்டுப் போகவில்லை என்று காட்டியது. அதற்கு இப்போது நல்ல தடுப்பூசி இருக்கிறது.

அறுவையின் நுட்பம் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வயிற்றுக்குள் குடல்களின் முன்னால் கொழுப்பாலான ஒரு திரை தொங்குகிறது. அழற்சி உள்ள இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் அதன் குணத்தைப் பார்த்து, வயிற்றின் காவலர் என்று அதற்குப் பெயர் வைத்தார் ரூதர்ஃபோர்ட் மோரிசன் என்ற அறுவை மருத்துவர். 1937-இல் டொராண்டோவின் ராஸ்கோ கிரஹாம் இந்தத் திரையையே மருந்தாக்கினார். அழுகி நொய்ந்துபோன ஓட்டையின் விளிம்புகளை இழுத்துத் தைத்தால் நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ஓட்டையை மூடாமலே, குறுக்கே சில தையல்களைப் போட்டு, திரையின் ஒரு துண்டை ஓட்டையின் மேல் வைத்து, நூலை மென்மையாக முடிச்சிட வேண்டும். இறுக்கினால் துண்டுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். பிறகு லிட்டர் கணக்கில் உப்பு நீர் விட்டு வயிற்றைக் கழுவ வேண்டும். இன்று உள்ளே போடுவது பெரும்பாலும் தானாகக் கரையும் செயற்கை நூல். கழிவு நீர் வடிய வைக்கும் குழாயைத் தோலோடு பிணைத்துத் தைக்க இன்னமும் கறுப்புப் பட்டு நூலை எடுக்கிறார்கள். ஆரணித் தறியில் ஏறும் நூலைப் போல அதுவும் கொதிக்கவைத்துப் பசை நீக்கிய பட்டுதான்.

ஓட்டையை அடைக்க ஒரு மணி நேரம் போதும். அடைத்த பிறகு உடம்பு அந்த 17 மதிப்பெண்ணோடு நடத்தும் போராட்டம்தான் நாட்கணக்கில் நீள்கிறது.

அப்படியானால் 32 மதிப்பெண் வாங்கியவரைக் கைவிட்டுவிடலாமா? கூடவே கூடாது. 59.1 என்ற அந்த எண், அவரைப் போன்ற நூறு பேரில் 41 பேர் வீடு திரும்பினார்கள் என்றும் சொல்கிறது. இவர் அந்த 41-இல் ஒருவரா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. பிரிட்டனில் 2013-இல் தொடங்கிய அவசர வயிற்று அறுவைத் தணிக்கை, கணக்கின் சரியான பயன் எது என்று காட்டியது. இறக்கும் வாய்ப்பு 5 சதவீதமோ அதற்கு மேலோ என்று கணக்கு சொன்னால், மூத்த அறுவை மருத்துவரும் மூத்த மயக்க மருத்துவரும் அரங்கில் இருக்க வேண்டும். அறுவை முடிந்ததும் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இப்படி நடத்தத் தொடங்கிய சில ஆண்டுகளில், 30 நாட்களுக்குள் இறப்பவர்களின் விகிதம் சுமார் 12 சதவீதத்திலிருந்து 9, 10 என்ற அளவுக்கு இறங்கியது. எண்ணைக் குடும்பத்தின் முன் தீர்ப்பாக வாசிப்பதைவிட, யாரை முதலில் கவனிப்பது என்று மருத்துவமனை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள அதைப் பயன்படுத்துவதே நியாயம்.

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேலூருக்கோ போக 40 கிலோமீட்டருக்குள்தான். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழ்நாட்டில் இலவசமாக ஓடுகிறது. எனவே, தூரத்தைவிட அதிக நேரத்தைத் தின்பது 'வாயுதான்', 'சூடுதான்', 'காலையில் பார்க்கலாம்' என்று வீட்டுக்குள் கழியும் இரவு.

திடீரென்று வந்த வயிற்று வலி, அசைய முடியவில்லை, வயிறு பலகையாக இறுகியிருக்கிறது என்றால் சோடாவோ ஓமத் தண்ணீரோ இன்னொரு செட் மாத்திரையோ கொடுக்காதீர்கள். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடாதீர்கள். வாய் வழியாக எதுவும் வேண்டாம். வலி குறைந்துவிட்டாலும் புறப்படுங்கள். சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவர் கேட்பதற்கு முன்பே அவர் கையில் கொடுங்கள்.